மெதுவாக ஓடுகிற மெஷின்

“வூட்ல யார் யார் மேடம் யூஸ் பண்ணுவாங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

பல்லாவரத்தில் சந்தை கூடுகிற சாலையை ஒட்டிய சந்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் கடை. அன்று வெள்ளிக்கிழமை. ஜன்னலுக்குக் கீழே சந்தைக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. பழைய மின்விசிறியிலிருந்து நாய்க்குட்டி வரைக்கும் அங்கே பேரம் நடந்துகொண்டிருக்க, மேலே நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேஜையில் இருந்த இரண்டு லேப்டாப்புகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான்” என்றேன்.

“பசங்க கேம் ஆடுவாங்களா?”

“பசங்க இல்லை.”

“சார் யூஸ் பண்ணுவாரா?”

“சார் இல்லை.”

அவர் கொஞ்ச நேரம் மேஜையைத் துணியால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு முகம் மலர்ந்து, “அப்போ ரொம்ப நாள் உழைக்கும் மேடம்” என்றார்.

சிரித்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அதுவரை எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். உருப்படியான ஆறுதல் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு வருஷம் எல்லாரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா இருந்தவரை சிட்லபாக்கத்து மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அம்மா போன பிறகு நான் ஒருத்தி.

என் தொழில் ஸ்ட்ரக்சுரல் டிசைன். ஒரு கட்டடத்தின் தூணும் உத்தரமும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், காற்றடித்தால் எவ்வளவு வளையும், எத்தனை கம்பி போட வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற வேலை. கணக்கைப் போடுவது மெஷின். கட்டடத்தை எண்களாக மாற்றி உள்ளே கொடுத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் அது பாட்டுக்குப் போட ஆரம்பிக்கும். எங்கள் பாஷையில் அதற்கு ‘ரன்’ என்று பெயர். ரன் ஓடும்போது அந்த மெஷினில் வேறு எதுவும் செய்ய முடியாது. காத்திருப்பதுதான் வேலை. நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்லாமல் லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கிண்டியில் எங்கள் ஆபீஸுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குத் தனி அறை. ஆபீஸிலேயே அந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். அவர் அந்த அறைச் சாவியைப் பெற்ற பிள்ளையிடம்கூடக் கொடுக்க மாட்டார். உள்ளே யாருடைய கட்டடமாவது ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஐந்தாறு பேர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்போம். டீ வரும், வறுத்த வேர்க்கடலை வரும். ஒருத்தருடைய மாமியார், இன்னொருத்தருடைய வீட்டு லோன், யார் பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியேதான் பேசப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்ட ரன், சாயங்காலம் ட்ரெயினுக்குக் கிளம்பும்போதுதான் முடியும். ஏதோ ஒரு எண் தப்பாகி அது பாதியில் நின்றுவிட்டால் சாரைத் தவிர யாரும் வருத்தப்பட்டதில்லை. இன்னொரு டீ சொல்வோம்.

என் வாழ்நாளில் நான் அதிகம் பேசியதும் அதிகம் சிரித்ததும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான். அப்போது அது தெரியவில்லை. வேலை செய்யாமலே சம்பளம் வாங்குகிறோமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆளுக்கொரு மெஷின் வந்தது. ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். ஏ.சி. எல்லாருக்கும் கிடைத்தது. வேர்க்கடலைத் தொலி தரையை அழுக்காக்குகிறது என்று அதையும் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு தடுப்புக்குப் பின்னால் ஆளுக்கொரு ரன் ஓடிற்று. இருந்தாலும் பக்கத்துத் தடுப்பில் ஒருவர் தும்மினால் கேட்கும், யாராவது யாரையாவது திட்டினால் கேட்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அதுவும் போயிற்று. சார் ஆபீஸைச் சின்ன இடத்துக்கு மாற்றினார். என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க வீட்லேர்ந்தே டிசைன் பண்ணுங்களேன். வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போதும். எதுக்கு டெய்லி அந்தக் கூட்டத்துல இடிபட்டுகிட்டு?”

பெரிய உபகாரம் செய்கிறவருடைய முகம் அது. உபகாரம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபீஸில் பலருக்குப் பொறாமைகூட. குரோம்பேட்டையில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறவரை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பூக்காரம்மாவின் கூடையும் யாரோ ஒரு டீச்சரின் முழங்கையும் என்னை இடிப்பதுதான் ஒரு நாளில் என்மேல் படுகிற மனுஷ வாடை என்று சாரிடம் எப்படிச் சொல்வது? “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றேன்.

ஆபீஸில் ஓரங்கட்டப்பட்ட பழைய மெஷின் ஒன்று ஆட்டோவில் ஏறி என் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கீழ் வீட்டிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அந்த வீட்டம்மாவும் நானும் எங்களில் யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதில்லை. அவர் என்னை அக்கா என்பார். நான் மட்டும் விட்டுவிடுவேனா, நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

சாயங்காலமானால் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார். “அக்கா, கீழ வாங்க, சூடா போண்டா போட்டுகினு கீறேன்.” இல்லாவிட்டால், “இன்னாக்கா, நாடகம் ஆரம்பிச்சிட்சி, வரலியா?”

“ரன் ஓடுதுக்கா” என்று நான் மேலிருந்து சொல்வேன்.

முதல் தடவை சொன்னபோது அது உண்மை. ரன் என்றால் இன்னாது என்று அவர் கேட்டார். “போட்டுட்டா முடியறவரைக்கும் விட்டுட்டு வர முடியாதுக்கா. நடுவுல கரண்ட் போனா கெட்டுப்போயிடும்” என்று விளக்கினேன். அவர் அதை உடனே புரிந்துகொண்டார். அதாவது, அடுப்பில் வைத்த பால் என்று. அன்றிலிருந்து அவர் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. “ரன் இறக்கியாச்சாக்கா?” என்பார். கரண்ட் போனால் கீழே இருட்டிலிருந்து, “ஐயய்யோ, திரிஞ்சிபோச்சா?” என்று குரல் வரும். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் திருத்துகிற மாதிரி அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் குடும்பத்தை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பிடித்ததுதான் பிரச்சினை. அங்கே போய் உட்கார்ந்து, பெண்கள் பென்சிலுக்காகச் சண்டை போடுவதையும், அந்த அக்கா ஒரு கண்ணை டி.வி.யிலும் ஒரு கண்ணை வாணலியிலும் வைத்திருப்பதையும் பார்த்துவிட்டு, மறுபடி படியேற வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டும். நான் குடித்து வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். தனிமை பழகிவிடும் என்கிறார்கள். பழகும்தான், நடுவில் யாரும் கலைக்காமல் இருந்தால். கலைத்தால் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது.

அதற்கு ரன் வசதியாக இருந்தது. பழைய மெஷின் மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் முடிக்கும். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். சின்னப் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். வீட்டில் ஒரு வேலை நடக்கிறது, நான் அது முடிவதற்காகக் காத்திருக்கிறேன். யாராவது கேட்டாலும் சொல்லலாம், யாரும் கேட்காவிட்டாலும் எனக்கே சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பெரிய ஷெட் போடுகிற வேலை வந்தது. நடுவில் தூணே இல்லாத அகலமான ஷெட். உள்ளே பளு தூக்குகிற கிரேன் வேறு ஓட வேண்டும். காற்று இந்தப் பக்கம் அடித்தால், அந்தப் பக்கம் அடித்தால், கிரேன் இந்த மூலையில் நின்றால், அந்த மூலையில் நின்றால் என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மழைக்காலம் வேறு. வானம் கொஞ்சம் இருட்டினாலே சிட்லபாக்கத்தில் கரண்ட் போய்விடும். ரன் முக்கால்வாசி போயிருக்கும்போது டப்பென்று எல்லாம் அணைந்து போகும். ஒரே வாரத்தில் பல தடவை ‘திரிந்து’ போனதும் சாருக்கு போன் செய்தேன்.

“பேட்டரியோட ஒரு லேப்டாப் வாங்கிடலாம்” என்றார். “ஆபீஸ் கணக்குதான். நம்ம பல்லாவரம் டீலர்கிட்ட சொல்றேன். எது சூட் ஆகும்னு நீங்களே பார்த்து டிசைட் பண்ணுங்க. நீங்க சொல்றதுதான் ஃபைனல்.”

அப்படித்தான் அந்தக் கடை மாடியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று கறுப்பு.

“இந்த கிரே கீது பாருங்க, செம ஸ்பீடு மேடம்” என்றார் கடைக்காரர். “இன்னா வேலை குடுத்தாலும் சும்மா பிச்சிக்கினு போவும். பேட்டரிதான் கொஞ்சம் வீக்கு. கரண்ட் போனா அரை மணி தாங்கும், அவ்ளோதான். பிளாக்கு கீதே, இது ஸ்லோ. உள்ள பழைய சரக்கு. ஆனா பேட்டரி நிக்கும் மேடம், படம் முடிஞ்சி தியேட்டர்லேர்ந்து வர்ற வரைக்கும் நிக்கும்.”

“கனமா இருக்கே” என்று சாம்பலைத் தூக்கிப் பார்த்தேன்.

“வெயிட்டா இருந்தாத்தான மேடம் சாமான்!” என்றார், பித்தளைக் குடம் விற்கிறவர் மாதிரி. பிறகு யோசித்து, “ரெண்டையும் எடுத்துகினு போங்க. ஒரு வாரம் உங்க வேலையைப் போட்டுப் பாருங்க. எது ஒத்துக்குதோ அத்த வெச்சிக்குங்க” என்றார். சார் அவருக்குப் பழைய வாடிக்கை. அந்த நம்பிக்கை.

ஆட்டோவில் மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் எதிரெதிரே திறந்து வைத்துவிட்டு நடுவில் காபியோடு உட்கார்ந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வயதான காலத்தில் ஒரே வேளையில் இரண்டு மாப்பிள்ளை பார்க்கிறேன். இரண்டுக்கும் சம்மதம், யோசிக்க வேண்டியது நான்தான். அந்தச் சிரிப்பைப் பங்கு போட வீட்டில் ஆள் இல்லை என்பது அடுத்த வாய் காபியில் ஞாபகம் வந்தது.

கீழ் வீட்டு அக்கா மட்டும் பார்க்க வந்தார், கையில் குங்குமச் சிமிழோடு. “புதுப் பொட்டியாக்கா? ஒரு பொட்டு வெச்சிடலாமா?” என்றார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எது என்று இன்னும் தெரியாது என்றேன். “அப்போ வேணாம்க்கா. தங்கறது எதுன்னு தெரியட்டும்” என்று சிமிழை மூடிவிட்டார்.

முதலில் கறுப்பை ஓட்டினேன். ஷெட்டை உள்ளே கொடுத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டனைத் தட்டினேன். பழைய மெஷினைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன், துணி மடித்தேன், சமையல் முடித்தேன், அது ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. திரை கொஞ்சம் மங்கிற்றே தவிர, ரன் நிற்கவில்லை. கீழே இருந்து, “திரிஞ்சிபோச்சாக்கா?” என்று கேட்டது.

“இல்லக்கா, இதுல பேட்டரி இருக்கு. கரண்ட் போனாலும் ஓடும்.”

“அப்போ குக்கர்னு சொல்லுங்க!” என்றார் அவர்.

இருட்டு வீட்டில் அந்தத் திரை ஒன்றுதான் வெளிச்சம். அதன் எதிரில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டேன். திரையில் ஒவ்வொரு வரியாக நகர்ந்து வந்தது. இப்போது காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, இப்போது கிரேன் வடக்கு மூலையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கூடவே யாரோ உட்கார்ந்து வேலை செய்வது போல இருந்தது. இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. நன்றாகத்தான் போயிற்று.

பிறகு சாம்பலைப் போட்டேன்.

மத்தியானம் அதே ஷெட்டைக் கொடுத்து, அதே பட்டனைத் தட்டிவிட்டு, காபி போட உள்ளே போனேன். பால் பொங்குவதற்குள் மெஷின் ‘டிங்’ என்றது. ஏதோ தப்பாகி நின்றுவிட்டது என்று நினைத்தேன். வந்து பார்த்தால், முடிந்திருந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். மறுபடி முடிந்தது. கறுப்பு கொடுத்த எண்களையும் இது கொடுத்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசிப் புள்ளிவரை ஒன்றுதான். தூண்களை மாற்றி ஓட்டினேன், கூரைச் சரிவை மாற்றி ஓட்டினேன். கேட்டதெல்லாம் கேட்ட கையோடு வந்து விழுந்தது. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஸ்டூல் காலத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் சார் அதற்குக் கோவில் கட்டியிருப்பார்.

மூன்று மணிக்கு அன்றைய வேலை தீர்ந்துவிட்டது. மறுநாள் வேலையும் பாதி தீர்ந்துவிட்டது.

மெஷினை மூடினேன். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று ஜன்னல் அதிரத் தாண்டிப் போயிற்று. அது போன பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. கழுவின பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினேன். அம்மாவின் அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த புடவைகளைக் கலைத்து அடுக்கினேன். மணி நாலுகூட ஆகவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் ஓட வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

சாயங்காலம் படிக்குக் கீழே குரல் வந்தது. “அக்கா, ரன் இறக்கியாச்சா?”

“ஆச்சுக்கா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நெஜமாவா! அப்போ வாங்க, வாங்க, இடியாப்பம் புழிஞ்சிகினு கீறேன்.”

போனேன். அன்று அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பெரிய பெண் ஓடிப்போய்ப் பாயை விரித்தாள். அந்த வீட்டுக்காரர் பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, “ஒங்கள கண்ணால பாக்குறதே அபூர்வமாயிட்சி மேடம்” என்றார். இடியாப்பத்தின்மேல் தேங்காய்ப் பால் போதும் போதும் என்கிறவரை விழுந்தது. அந்த அக்கா தன் நாத்தனாரைப் போலவே நடந்து காட்டினார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். எத்தனை நாள் ஆயிற்று, வாய்விட்டுச் சிரித்து.

டி.வி. பார்த்துக்கொண்டே சின்னவள் என் பக்கமாகச் சாய்ந்தாள். சாய்ந்தவள் என் மடியில் தலையை வைத்துத் தூங்கியே போனாள். குழந்தைத் தலை இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது, இவ்வளவு சூடு என்றும் தெரியாது. கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை. நாடகம் முடிந்து அடுத்த நாடகமும் ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அந்த அக்கா கவனித்தார்.

“ஐயோ, குடுங்கக்கா. ஒங்களுக்குக் கால் நோவும்” என்று சொல்லி அவளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மடி அப்படியே சில்லென்று ஆகிவிட்டது. சொல்லிக்கொண்டு எழுந்தேன். படியேறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டேன். மேஜையில் சாம்பல் லேப்டாப் மூடியபடி இருந்தது. வேலை முடித்த மெஷின், அதனிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சின்னப் பெண் மாதிரி, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று அழுதேன்.

மறுநாள் காலையில் கடைக்காரருக்கு போன் செய்து, கறுப்பையே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவருக்கு நம்ப முடியவில்லை. “இன்னா மேடம் இது? எல்லாரும் ஸ்பீடு ஸ்பீடுன்னு என் உசுரை வாங்கறாங்க. நீங்க ஸ்பீடு வேணாங்கறீங்க? கிரேவை ஓட்டிப் பாத்தீங்களா இல்லியா?”

“பார்த்தேன். நல்ல மெஷின். ஆனா எங்க ஏரியால கரண்ட் பேஜார் பண்ணுதுல்ல? பேட்டரிதான் எனக்கு முக்கியம்.”

“அதும் கரெக்ட்டுதான் மேடம்” என்று ஒத்துக்கொண்டார்.

சாரும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது மட்டுமல்ல, “இதான் எக்ஸ்பீரியன்ஸ்! நம்ம ஊருக்கு ஸ்பீடா முக்கியம்? சின்னப் பசங்களை அனுப்பியிருந்தா பளபளன்னு இருக்கறதைத் தூக்கிட்டு வந்திருப்பானுங்க” என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கினார். கால் மணிக்குள் முடிகிற ரன்னுக்கு அரை மணி பேட்டரி தாராளம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தெரியும். நான் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மத்தியானத்திலிருந்து சாயங்காலம் தாண்டுகிறவரை ஓடுகிற மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். என்னைப் படியிறங்க விடாத மெஷினை.

கீழ் வீட்டு அக்கா வந்து கறுப்புக்குப் பொட்டு வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. சாயங்காலக் குரல் வரும்போதெல்லாம் ரன் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. “ரன் ஓடுதுக்கா” என்பேன். “சரிக்கா, பாத்துக்குங்க” என்பார். கொஞ்ச நாளில் கேள்வி போய், படியில் ஒரு தட்டு மட்டும் மூடி வைத்திருக்கும், போண்டாவோ சுண்டலோ. காலித் தட்டைக் காலையில் படியிலேயே வைத்துவிடுவேன். அப்புறம் தட்டு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆயிற்று. அதில் கோபமோ வருத்தமோ இல்லை. எதிரில் பார்த்தால் அதே சிரிப்பு, அதே “சாப்ட்டீங்களாக்கா?” வேலை செய்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதைதான்.

ஷெட் டிசைன் முடிந்தது. வரைபடங்களைக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வேலை வர இன்னும் சில நாள் ஆகும் என்றார். கறுப்பை மூடி ஒரு துண்டால் போர்த்தி வைத்தேன்.

அந்த இடைவெளியில் ஒரு நாள், கீழே சின்னவளுக்குப் பிறந்த நாள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேக் பெட்டியோடு அவள் அப்பா சைக்கிளில் வருவதையும், தெருப் பிள்ளைகள் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு கேட்டைத் திறப்பதையும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பலூன் ஒன்று வெடித்தது. கூச்சல், சிரிப்பு. அந்த அக்கா யாரையோ அதட்டுகிற குரல்.

நான் முகம் கழுவிக்கொண்டேன். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வீட்டில் பரிசு என்று கொடுக்க ஒன்றுமில்லை. ஆபீஸில் கொடுத்த கலர் பென்சில் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதை ஒரு காகிதத்தில் சுற்றினேன். இன்றைக்குக் கூப்பிட்டால் போய்விடுவது என்று தீர்மானம். திரும்பி வருவதைப் பற்றித் திரும்பி வரும்போது யோசிக்கலாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, மேல் படியில் வந்து நின்றேன். இங்கிருந்தால் கூப்பிட்டவுடனே கேட்கும்.

கீழே பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். பத்துப் பதினைந்து குழந்தைகள், தொண்டை கிழிய.

“ஷ்ஷ்! மெதுவாடி, மெதுவா!” என்று அந்த அக்காவின் குரல் கேட்டது. “மேல அக்காவுக்கு ரன் ஓடிக்கினு கீது. பாவம், ஒண்டியா எவ்ளோ வேலை செய்றாங்க. சத்தம் போட்டா அவங்களுக்கு டிஸ்டப்பா இருக்காது? ஏங்க, அந்த டி.வி.ய நிறுத்துங்க.”

டி.வி. நின்றது. பிள்ளைகள் அத்தனை பேரும் கிசுகிசுவென்ற குரலில் பிறந்த நாள் பாட்டைப் பாடி முடித்தார்கள். கைகூட மெதுவாகத்தான் தட்டினார்கள்.

படியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். இறங்கிப் போய், இன்றைக்கு ரன் இல்லையக்கா என்று சொல்லியிருக்கலாம். பெட்டி கையில்தான் இருந்தது. கால் வரவில்லை.

உள்ளே வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். எனக்காக ஒரு குழந்தையின் பிறந்த நாளையே அடக்கி வைத்திருக்கிறார்கள். அது பொய்யாகிவிடக் கூடாது என்று, துண்டை விலக்கி, மெஷினைத் திறந்து, முடித்துக் கொடுத்தாகிவிட்ட ஷெட்டையே மறுபடியும் ஓடவிட்டேன்.